அகப்படாதவரும் குற்றமற்றவரும்

விளையாட்டு என்பது விதிகளால் ஆகிய ஒன்று. ஓடுவதும் தாவுவதும் விலங்குகளுக்கும் உண்டு. ஆயின், இன்ன இடத்தில் புறப்பட்டு, இன்ன வழியே சென்று, இன்ன எல்லையை முதலில் அடைபவனே வென்றவன் என்று பலர் கூடி ஒப்புக்கொள்ளும்போதுதான் ஓட்டம் பந்தயமாகிறது. அவ்வொப்பந்தத்தை ஒருவன் மறைவாக மீறினால், அவன் ஓடுகிறானேயன்றிப் பந்தயத்தில் ஓடுகிறான் என்று சொல்ல இயலாது. இதில் ஐயம் ஒன்றுமில்லை. ஆனால் எது மீறல் என்பதில் மாந்தர் கருத்து காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. உடலின் ஆற்றலைச் செயற்கையாகக் கூட்டும் ஊக்க மருந்துகளைப் பற்றிய வரலாறு இதற்குத் தக்க சான்று. அவ்வரலாற்றில் ஒரு பகுதியை, பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தைத் துணையாகக் கொண்டு, இன்று ஆராய்வோம். சைக்கிள் பந்தயத்தைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. தொடக்கமுதலே அது பொழுதுபோக்காக அன்றிப் பிழைப்பாக இருந்தது. பொருளும் புகழும் ஒருங்கே பணயமாக வைக்கப்படும் இடத்தில் மனித மனம் எவ்வாறு இயங்கும் என்பதை அதில் தெளிவாகக் காணலாம்.

முதலில் 1904ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அவ்வாண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. மாரத்தான் ஓட்டத்தில் முதலாவதாக அரங்கினுள் புகுந்தவர் ஃபிரெட் லார்ஸ் என்பவர். அவர் வழியில் ஒரு பகுதியை மோட்டார் வண்டியில் ஏறிக் கடந்தார் என்பது உடனே வெளிப்பட்டது, அவர் விலக்கப்பட்டார். அடுத்து வந்த தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கே பரிசு வழங்கப்பட்டது. அந்த ஹிக்ஸ் வழிநெடுகத் தளர்ந்து விழும் நிலையில் இருந்தார். உடன் சென்ற உதவியாளர்கள் அவருக்கு ஸ்டிரிக்னின் என்னும் எட்டிக்கொட்டை நஞ்சைச் சிறு அளவில் முட்டையின் வெண்கருவோடு கலந்து கொடுத்தனர், பிராந்தியும் ஊட்டினர். அதனை ஒருவரும் மறைக்கவில்லை. வண்டியில் ஏறியது குற்றம். நஞ்சு உண்டு ஓடியது குற்றமன்று. ஏனெனில் அதனை விலக்கும் விதி அக்காலத்தில் இல்லை. சர்வதேசத் தடகளச் சங்கம் ஊக்க மருந்துகளைத் தடை செய்தது 1928ஆம் ஆண்டில்தான். அப்போதும் தடை ஏட்டளவில் இருந்ததேயன்றி, மருந்து உண்டவரைக் கண்டறியும் வழி எதுவும் இருக்கவில்லை.

அதே காலத்தில் பிரான்ஸ் நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ‘லோட்டோ’ என்னும் விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்ளும் பொருட்டு, 1903ஆம் ஆண்டில் நாட்டைச் சுற்றிவரும் ஒரு சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கிற்று. அதுவே ‘டூர் டி பிரான்ஸ்’ எனப்படுவது. முதற்பந்தயத்தில் 60 பேர் புறப்பட்டனர். 21 பேரே முடித்தனர். மறு ஆண்டிலேயே முறைகேடுகள் மலிந்தன. இடையில் ரயிலேறிச் சென்றனர் என்பது போன்ற புகார்கள் எழுந்தன. விசாரணைக்குப் பின்னர் முதல் நான்கு இடங்களைப் பெற்றவர்களும் நீக்கப்பட்டு, ஐந்தாவதாக வந்த 19 வயது இளைஞர் ஆன்ரி கோர்னே வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். ரயிலேறுவதை அக்கால மக்கள் வஞ்சகம் என உணர்ந்தனர். குப்பியிலிருந்து எதனைக் குடிக்கிறான் என்பதை அவனவன் சொந்த விஷயமாகவே கருதினர்.

இந்த எண்ணத்துக்கு அன்றைய பந்தயத்தின் கொடுமையும் ஒரு காரணம். 1924ஆம் ஆண்டின் பந்தயத் தூரம் 5,425 கிலோமீட்டர். அதனை 15 கட்டங்களில் கடக்க வேண்டியிருந்தது. ஒரு கட்டம் சராசரியாக 360 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால், அது சென்னையிலிருந்து திருச்சி வரையுள்ள தொலைவைவிட மிகுதி. அதனை ஒரே மூச்சில், கரடுமுரடான பாதையில், வேகமாற்றக் கருவியில்லாத சைக்கிளில் மிதித்துத் தீர்க்க வேண்டும். அவ்வாண்டு ஆன்ரி பெலிசியே, பிரான்சிஸ் பெலிசியே என்னும் உடன்பிறந்தார் இருவர் அமைப்பாளரோடு பூசலிட்டுப் பந்தயத்தை விட்டு விலகினர். அல்பேர் லோந்தர் என்னும் பத்திரிகையாளரிடம் அவர்கள் தங்கள் பைகளைத் திறந்து காட்டினர். கண்களுக்குக் கொக்கெயின், ஈறுகளுக்குக் குளோரோஃபார்ம், களைப்புக்கு மாத்திரைகள் என அவை நிறைந்திருந்தன. அச்செய்தி பிரான்ஸ் முழுவதையும் திடுக்கிடச் செய்தது. பல ஆண்டுகளுக்குப் பின்னர், பத்திரிகையாளரிடம் சற்று மிகைப்படுத்திச் சொன்னதாகப் பிரான்சிஸ் கூறியதும் உண்டு. ஆகவே அக்கூற்றின் ஒவ்வொரு சொல்லையும் அப்படியே கொள்ளாது, வழக்கம் இருந்தது என்னும் அளவில் ஏற்றுக்கொள்வதே வரலாற்று மாணவனுக்கு ஏற்ற நெறி.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மேலும் முற்றிற்று. போரில் படைவீரர்களும் விமானிகளும் உறக்கமின்றி விழித்திருக்கும் பொருட்டு ஆம்ஃபெட்டமின் என்னும் மருந்தை உண்டனர். போர் ஓய்ந்தபின் அம்மருந்து பந்தயச் சாலைக்கு வந்து சேர்ந்தது. அதன் இயல்பை மாணவர்கள் நன்கு அறிந்துகொள்ள வேண்டும். அது உடலுக்குப் புதிய வலிமை எதனையும் தருவதில்லை. களைப்பு என்னும் உணர்வை மறைத்துவிடுகிறது. களைப்போ பகை அன்று. உடல் எரிந்துபோகாதபடி காக்கும் காவலாளி. அக்காவலாளியின் வாயைக் கட்டிவிட்டால் வீட்டுக்குள் தீப்பற்றினாலும் தெரிவதில்லை. கடும் வெயிலில் மலையேறும் ஒருவன் தன் உடற்சூடு எல்லை மீறுவதை உணராமலே மிதித்துக்கொண்டிருப்பான்.

இது வெறுங் கற்பனையன்று. தென் பிரான்சில் வாந்து என்றொரு மலை உண்டு. உயரம் ஏறக்குறைய 1,900 மீட்டர். அதன் மேற்பகுதியில் மரமில்லை, நிழலில்லை. வெண்ணிறக் கற்களே பரந்து கிடக்கும். 1955ஆம் ஆண்டு அம்மலையில் ழான் மலேஷாக் என்ற வீரர் நினைவிழந்து வீழ்ந்தார். பந்தய மருத்துவரான பியேர் துமா அவருடைய இறுகிய தாடைகளை வலிந்து திறந்து மருத்துவம் செய்து உயிரைக் காத்தார். மருந்துகளே இதற்குக் காரணம் என ஐயுற்ற அம்மருத்துவர், அன்றுமுதல் இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என ஓயாது வற்புறுத்தி வந்தார். 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் டென்மார்க் நாட்டின் சைக்கிள் வீரர் நுட் எனமார்க் ஜென்சன், கடும் வெயிலில் நடந்த பந்தயத்தின்போது வீழ்ந்து இறந்தார். வெயிலின் கொடுமையே காரணம் என்பாரும், மருந்தும் துணைக்காரணம் என்பாரும் உளர்; வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. எனினும் அச்சாவு அரசுகளை விழிக்கச் செய்தது. 1965ஆம் ஆண்டில் பிரான்சும் பெல்ஜியமும் விளையாட்டில் ஊக்க மருந்தைத் தடுக்கும் சட்டங்களை இயற்றின.

சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் நினைவுகூரத் தக்கது. 1966 ஜூன் மாதத்தில், பந்தயம் போர்தோ நகரில் தங்கியிருந்தபோது, அதிகாரிகள் விடுதிக்கு வந்து வீரர்களிடம் சிறுநீர் மாதிரி கேட்டனர். முதலில் சோதிக்கப்பட்டவர் மக்களின் பேரன்பைப் பெற்ற ரேமோன் புலிதோர். மறுநாள் காலை வீரர்கள் எல்லாரும் சிறிது தூரம் சென்றதும் சைக்கிள்களை விட்டு இறங்கி நடந்தனர். அதுதான் அவர்களது வேலைநிறுத்தம். அவர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. ‘ஆண்டு முழுவதும் மழையிலும் வெயிலிலும் உழைக்கும் தொழிலாளிகள் நாங்கள். எங்கள் உடலை நாங்கள் என்ன செய்கிறோம் என்பதில் காவலருக்கு என்ன வேலை?’ என்பது அவர்கள் கேள்வி. ஐந்து முறை இப்பந்தயத்தை வென்ற ஜாக் ஆன்கெதீல் இக்கருத்தை வெளிப்படையாகவே பேசி வந்தார். 1967இல் அவர் ஒரு மணி நேரத்தில் மிகுதியான தூரம் கடக்கும் சாதனையை முறியடித்தார். ஆனால் மாதிரி கொடுக்க மறுத்தமையால், அச்சாதனை ஏற்கப்படாமற் போயிற்று.

இவ்வாதத்துக்கு விடை வாந்து மலையிலேயே கிடைத்தது. 1967 ஜூலை 13ஆம் நாள். இங்கிலாந்தின் டாம் சிம்ப்சன், 1965இல் உலக வாகையராக விளங்கியவர், அம்மலையில் ஏறிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 29. சிகரத்துக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் இருக்கையில் சாலையில் இங்குமங்கும் அலைந்து வீழ்ந்தார். அவரை மீண்டும் சைக்கிளில் ஏற்றிவிட்டனர். சிறிது தூரம் சென்று மறுபடியும் வீழ்ந்தார். பன்னிரண்டாண்டுகளுக்கு முன் அதே மலையில் ஓர் உயிரைக் காத்த துமா மருத்துவரே அன்றும் ஓடிவந்தார். ஆயினும் இம்முறை காக்க இயலவில்லை. இறந்தவரின் சட்டைப் பையில் ஆம்ஃபெட்டமின் மருந்துக் குழல்கள் இருந்தன. உடலைச் சோதித்தபோது அம்மருந்தோடு மதுவும் கலந்திருந்தது தெரிந்தது. ‘என் உடல், என் உரிமை’ என்னும் வாதம் ஒருவன் தனித்து வாழும்போது பொருந்தலாம். ஒருவன் உண்டால் மற்றவனும் உண்டாக வேண்டும் என்ற நிலை பிறக்கும் இடத்தில், அது உரிமையாக நிற்பதில்லை. ஒருவர் கழுத்தில் ஒருவர் மாட்டும் சுருக்காக மாறிவிடுகிறது.

இதன்பின் சோதனை நிலைபெற்றது. 1968இல் ‘டூர் டி பிரான்ஸ்’ உடல்நலத்தின் பந்தயம் என்னும் பெயரோடு ஊற்றுநீருக்குப் பெயர்பெற்ற விட்டெல் என்னும் ஊரிலிருந்து தொடங்கிற்று. அவ்வாண்டுமுதல் ஒலிம்பிக் பந்தயங்களிலும் சோதனை புகுந்தது. சோதனை நடைபெறும் முறை இது: வீரர் அதிகாரியின் கண்முன்னே மாதிரி தருகிறார். அது இரண்டு குப்பிகளில் பகுத்து முத்திரையிடப்படுகிறது. குப்பியின்மேல் பெயர் இராது. எண் மட்டுமே இருக்கும். ஆய்வுக்கூடத்தார் முதற்குப்பியைச் சோதிப்பர். தடைசெய்த பொருள் காணப்பட்டால், வீரர் விரும்பின் தம் சார்பாளர் முன்னிலையில் இரண்டாம் குப்பியைத் திறக்கச் செய்யலாம். இரண்டும் ஒத்திருந்தால் மட்டுமே குற்றம் உறுதியாகும். குற்றமற்றவன் தண்டனை அடையலாகாது என்பதற்காகவே இத்தனை கட்டுப்பாடு. 1969இல் இத்தாலியப் பந்தயத்தில் முன்னணியில் இருந்த எடி மெர்க்ஸ் சோதனையில் தவறினார் என்று நீக்கப்பட்டார். அவர் தாம் குற்றமற்றவர் என்று உறுதியாகக் கூறினார். ஐயத்தின் பயன் அவருக்கு அளிக்கப்பட்டுத் தடையும் நீங்கியது. சோதனையை நடத்துவோரும் மாந்தரே ஆதலால், அவர்களும் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

ஆனால் காவல் வலுத்தால் களவும் வலுக்கும். 1978இல் பெல்ஜிய வீரர் மிஷெல் பொலன்தியே ஆல்ப்ஸ் மலைக் கட்டத்தை வென்று, முன்னணி வீரருக்குரிய மஞ்சள் சட்டையையும் அணிந்தார். சோதனைக்கு வந்தபோது, அவர் தம் அக்குளில் ஒரு ரப்பர்க் குமிழை மறைத்து, அதிலிருந்து குழாய் வழியே வேறொருவரின் சிறுநீரைக் குப்பியில் விட முயன்றது கண்டுபிடிக்கப்பட்டது. அன்றே பந்தயத்தினின்றும் அவர் நீக்கப்பட்டார். இதனைக் கேட்டு நகைப்பவர் உண்டு. ஆயின் ஒரு நாட்டின் சிறந்த வீரன், ஆயிரக்கணக்கானோர் ஆரவாரித்த அதே மாலையில், அறைக்குள் அந்நிலையில் நின்றான் என்பதை எண்ணினால் இரக்கமே தோன்றும்.

ரப்பர்க் குமிழைக் கண்டுபிடித்துவிடலாம். உடலே உண்டாக்கும் பொருளை எவ்வாறு கண்டுபிடிப்பது? நம் சிறுநீரகங்கள் எரித்ரோபாயெட்டின் என்னும் சுரப்பை உண்டாக்குகின்றன. எலும்பு மஞ்சையில் செங்குருதி அணுக்களைப் பெருக்குவது அதன் பணி. சிறுநீரகம் கெட்ட நோயாளிகள் குருதிச்சோகையால் வாடுவதைக் கண்ட அறிஞர்கள், அச்சுரப்பை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினர். 1989இல் அமெரிக்காவில் அது மருந்தாக ஏற்கப்பட்டது. எத்தனையோ நோயாளிகளுக்கு அது புத்துயிர் அளித்தது. ஆயின் செங்குருதி அணு மிகுந்தால் தசைகளுக்குச் செல்லும் உயிர்வளியும் மிகும் என்பதைப் பந்தய உலகமும் அறிந்துகொண்டது. 1990இலேயே ஒலிம்பிக் குழு அதனைத் தடை செய்தது. ஆனால் ஊசியால் புகுந்த சுரப்பையும் உடல் தானே சுரந்ததையும் வேறுபடுத்தும் சோதனை 2000ஆம் ஆண்டுவரை பயனுக்கு வரவில்லை. பத்தாண்டுக் காலம் சட்டம் இருந்தது, கண் இல்லை. இடைக்கால ஏற்பாடாக, 1997இல் சைக்கிள் சங்கம் ஒரு வரம்பு வகுத்தது. குருதியில் அணுக்களின் பங்கு நூற்றுக்கு 50க்கு மேற்பட்டால் அவ்வீரர் இரு வாரம் ஓய்ந்திருக்க வேண்டும். இதன் விளைவு யாது? அதுவரை மிகக் குறைவாக உண்டவர்கள்கூட, 50 வரை செல்லலாம் போலும் என எண்ணத் தலைப்பட்டனர். வரம்பு வேலியாக அமையாமல் இலக்காக மாறிற்று.

1998 ஜூலை 8ஆம் நாள் பிரான்ஸ்-பெல்ஜிய எல்லையில் சுங்க அதிகாரிகள் ஒரு காரை நிறுத்தினர். அதனை ஓட்டி வந்தவர் ஃபெஸ்டினா என்னும் அணியின் உதவியாளர் வில்லி வூட். வீரர்களின் உடம்பைப் பிடித்துவிடுவதும் உணவு எடுத்துக் கொடுப்பதும் அவர் தொழில். காரினுள் எரித்ரோபாயெட்டின் முதலிய மருந்துகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. விசாரணையில், அணியின் மேலாளரும் மருத்துவரும் அறிய, முறையான ஏற்பாட்டின்படி வீரர்களுக்கு மருந்து கொடுக்கப்பட்டு வந்தது வெளியாயிற்று. அணி முழுவதும் பந்தயத்தினின்று நீக்கப்பட்டது. பிற அணிகளின் விடுதிகளிலும் காவலர் புகுந்தனர். வீரர்கள் சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். புறப்பட்ட 189 பேரில் பாரிஸ் நகரை அடைந்தோர் 96 பேரே. மாணவர்கள் இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தனை பெரிய வஞ்சகத்தை வெளிப்படுத்தியது ஆய்வுக்கூடமன்று. எல்லைச் சாவடியில் நின்ற சுங்க ஊழியர்களே. அவ்வணியின் வீரர்கள் அதுவரை சோதனைக்குப் பின் சோதனையாகத் தேறி வந்தவர்கள்.

இந்நிகழ்ச்சியே ஓர் உலகளாவிய நிறுவனம் தோன்றக் காரணமாயிற்று. 1999 நவம்பரில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு நிறுவப்பட்டது. அதன் பொது விதித்தொகுப்பு 2004இல் நடைமுறைக்கு வந்தது. எல்லா விளையாட்டுக்கும் எல்லா நாட்டுக்கும் ஒரே தடைப்பட்டியல் என்பது அதன் அடிப்படை. 2005இல் யுனெஸ்கோவும் இதற்கென ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. அதில் சேர்ந்த நம் நாடும் 2022இல் தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது. 2008இல் சைக்கிள் சங்கம் ஒரு புதுமுறையைக் கொணர்ந்தது. ஒவ்வொரு வீரரின் குருதிக் கணக்கையும் ஆண்டுக்கணக்கில் பதிந்து வைத்து, அதில் இயற்கைக்கு மாறான ஏற்றத்தாழ்வு தோன்றினால் ஐயுறுவது அம்முறை. மருந்தைத் தேடுவதை விட்டு, மருந்து உடலில் விட்டுச்சென்ற அடிச்சுவட்டைத் தேடத் தொடங்கினர் எனலாம்.

இவையெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் இவ்வரலாற்றின் மிகப் பெரிய பொய்யும் வளர்ந்தது. அமெரிக்கரான லான்ஸ் ஆர்ம்ஸ்டிராங் 1996இல் புற்றுநோய்க்கு ஆளாகி, உயிருக்கே அஞ்சத்தக்க நிலையினின்று மீண்டவர். 1999 முதல் 2005 வரை ஏழு முறை தொடர்ந்து டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். நோயாளிகள் அவரைத் தங்கள் நம்பிக்கையின் சின்னமாகக் கொண்டனர். ஐயம் எழுப்பியவர்களுக்கு அவர் தந்த விடை ஒன்றே: எத்தனையோ முறை சோதிக்கப்பட்டேன், ஒருமுறையும் தவறவில்லை என்பது அது. 1999இல் அவர் மாதிரியில் தடைசெய்த கார்ட்டிசோன் வகை மருந்தின் சுவடு காணப்பட்டதும் உண்டு. தோற்புண்ணுக்குத் தடவிய களிம்பே காரணம் என்று ஒரு மருத்துவச் சீட்டுக் காட்டப்பட்டு அது கடந்துபோயிற்று. அச்சீட்டு பின்தேதியிட்டு எழுதப்பட்டது என்று, அவ்வணியில் உடம்பு பிடிக்கும் பணி செய்த எம்மா ஓரைலி என்னும் பெண்மணி பின்னர்ச் சாட்சி சொன்னார். டேவிட் வால்ஷ் என்னும் பத்திரிகையாளர் இவற்றை எழுதினார். அவருடைய பத்திரிகையாகிய இலண்டன் ‘சண்டே டைம்ஸ்’ மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. பத்திரிகை பெருந்தொகை கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. உண்மை சொன்னவர் பொருளிழந்தார். பொய் சொன்னவர் புகழ் பெற்றார். இந்நிலை பல்லாண்டு நீடித்தது.

இறுதியில் என்ன நேர்ந்தது? 2006இல் பந்தயத்தை வென்ற ஃபிளாய்டு லாண்டிஸ் சோதனையில் தவறிப் பட்டத்தை இழந்தார். முன்பு ஆர்ம்ஸ்டிராங்கின் அணியில் இருந்தவர் அவர். முதலில் எல்லாவற்றையும் மறுத்து வாதாடிய அவர், 2010இல் தாம் மருந்து உண்டதையும் பழைய அணியில் நடந்தவற்றையும் வெளியிட்டார். அமெரிக்காவின் ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் விசாரணை நடத்தி, 2012 அக்டோபரில் தன் அறிக்கையை வெளியிட்டது. 26 பேர் சாட்சி கூறியிருந்தனர். அவர்களுள் 11 பேர் அவருடைய பழைய அணித்தோழர்கள். ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. வாழ்நாள் தடையும் விதிக்கப்பட்டது. 2013 ஜனவரியில் ஆர்ம்ஸ்டிராங் தாமே தொலைக்காட்சியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இங்கும் உண்மையை வெளிக்கொணர்ந்தது குப்பியன்று, மனிதரின் வாய்மொழி. ஓட்டப்பந்தய உலகிலும் இதே பாடம் முன்னரே கிடைத்திருந்தது. 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தை வென்று, மூன்றாம் நாள் பதக்கத்தை இழந்த கனடா நாட்டுப் பென் ஜான்சன், 1981 முதலே மருந்து உண்டு வந்ததாக அவருடைய பயிற்சியாளர் அரசு விசாரணையில் கூறினார். இடைப்பட்ட ஆண்டுகளின் சோதனைகள் யாவும் அவரைத் தூயவர் என்றே காட்டியிருந்தன.

இதிலிருந்து வரலாற்று மாணவன் அறிய வேண்டிய முறை ஒன்று உண்டு. ஓர் ஏட்டில் ஒரு செய்தி இல்லை என்பதாலேயே அது நிகழவில்லை என்று துணிதல் தவறு. தேடியவன் எதைத் தேடினான், அவனிடம் எத்தகைய விளக்கு இருந்தது என்று முதலில் கேட்க வேண்டும். சோதனையில் தேறினான் என்பதன் பொருள், அந்நாளில், அம்முறையால், அப்பொருள் காணப்படவில்லை என்பதே. மறுபுறத்தில், சான்றின்றி ஒருவனைக் குற்றவாளி என்று தூற்றுவதும் அதே அளவு தவறு. அகப்படாதவன் வேறு, குற்றமற்றவன் வேறு. ஐயத்துக்குரியவன் வேறு, குற்றவாளி வேறு. இந்நான்கையும் பிரித்தறியும் பொறுமையே நடுவுநிலைமை எனப்படுவது. தேர்வு மண்டபத்தில் மேற்பார்வையாளர் யாரையும் பிடிக்கவில்லை என்றால், யாரும் பார்த்து எழுதவில்லை என்பது முடிவாகுமா? மண்டபத்தில் இருந்த ஒவ்வொரு மாணவனும் தன்னளவில் அதன் விடையை அறிவான்.

அத்தகைய விடையைத் துணிவோடு சொன்ன ஒருவரைப் பற்றிக் கூறாமல் இப்பொருளை முடித்தல் ஆகாது. ஃபெஸ்டினா அணியிலே கிறிஸ்தோஃப் பசோன் என்னும் இளைஞர் இருந்தார். மருந்து உண்ண அவர் மறுத்தார். 1998 விசாரணையில் உடன் ஓட்டிய வீரர்களே, அவர் ஒருவர் மட்டும் தூயவர் என்று காவலரிடம் கூறினர். மறு ஆண்டு அவர் வேறோர் அணியில் சேர்ந்து டூர் பந்தயத்தில் கலந்துகொண்டார். அன்றாடம் ஒரு பத்திரிகையில் தம் கருத்தை எழுதி, மருந்தின்றி இத்தகைய வேகம் இயலுமா என்று வெளிப்படையாகக் கேட்டார். மற்ற வீரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினர். ஆல்ப்ஸ் மலைக் கட்டத்தில் மஞ்சள் சட்டை அணிந்திருந்த ஆர்ம்ஸ்டிராங் அவரருகே வந்து கடிந்து பேசினார். அவருடைய சொந்த அணியும் துணை நிற்கவில்லை. ஒதுக்கத்தைப் பொறுக்கமாட்டாமல் பசோன் பந்தயத்தை விட்டு இடையிலேயே வெளியேறினார். சில ஆண்டுகளில் தொழிலையும் துறந்தார். அவர் ஒருவரையும் தோற்கடிக்கவில்லை. எந்தப் பட்டமும் பெறவில்லை. ஆயினும் 1999ஆம் ஆண்டின் பந்தயத்தைப் பற்றி இன்று நாம் உறுதியாக நம்பக்கூடிய சொற்களுள் அவருடையவையும் அடங்கும்.

ஆர்ம்ஸ்டிராங்கிடமிருந்து பறிக்கப்பட்ட ஏழு பட்டங்கள் வேறு எவருக்கும் வழங்கப்படவில்லை. இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுக்கலாம் என்றால், அவர்களிற் பலரும் ஐயத்துக்கு உட்பட்டவர்களாகவே இருந்தனர். ஆகவே பந்தயத்தின் பட்டியலில் 1999 முதல் 2005 வரை வெற்றியாளர் பெயர் வெற்றிடமாகவே நிற்கிறது. வஞ்சகர் பெயரை ஏட்டினின்றும் அடித்துவிட முடியும். ஆனால் அவர்களால் இடம் இழந்தவர்களின் பெயரை யார் எழுதுவது? மருந்து உண்ண மனமின்றி, ‘எனக்குத் திறமை போதாது போலும்’ என்று எண்ணி, இருபது இருபத்திரண்டு வயதில் ஊர் திரும்பி வேறு தொழில் பார்த்தவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. எத்தனை பேர், எவ்வூரார் என்பதைச் சொல்லும் ஏடு இல்லை. வரலாற்றில் எழுதப்பட்டதைப் படிக்கக் கற்றவர் பலர். எழுதப்படாததன் இழப்பை உணரக் கற்றவர் சிலர். அவ்வெற்றிடமான ஏழு வரிகளைப் பார்க்கும்போது, மாணவர்களே, வீழ்ந்த ஒருவரை மட்டும் நினையாது, பெயர் தெரியாத அந்தப் பலரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.